கேமிங் பிசி: உங்கள் விஷயத்தில் கிராபிக்ஸ் கார்டு கடைசி

வாசகர் கேள்வி (சுருக்கம்)

கல்லூரி மாணவர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் இது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை எடுத்துவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அண்ணன் 2019-இல் தானே அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் இப்போது இவர் கைக்கு வந்திருக்கிறது. ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கார்டு. விண்டோஸ் 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியில் இருக்கிறது; கேம்கள் எல்லாம் 1 டிபி ஹார்ட் டிஸ்கில். பவர் சப்ளை 500 வாட், பெயர் கேள்விப்படாத கம்பெனி. போன வருடம் 1080பி, 144 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 144 முறை படம் மாற்றும்) மானிட்டர் ஒன்று வாங்கி எச்டிஎம்ஐ கேபிளில் மாட்டியிருக்கிறார்.

தினமும் இரவில் நண்பர்களோடு ஓர் ஆன்லைன் ஷூட்டர், விடுமுறை நாளில் ஒரு ஓப்பன் வேர்ல்டு கேம். இரண்டிலும் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. 'டூம்: தி டார்க் ஏஜஸ்' விளையாட வேண்டும் என்ற ஆசையும் உண்டு. பகுதி நேர வேலையில் சேர்த்த பணம், நடுத்தரமான ஒரு கிராபிக்ஸ் கார்டுக்குச் சரியாக இருக்கும். "கார்டை மாத்து, எல்லாம் சரியாயிடும்" என்கிறார் நண்பர். "மொத்தமா தூக்கிப் போட்டுட்டு புது செட் வாங்கு" என்கிறார் அண்ணன். எந்தப் பாகம் மற்றதைத் தடுக்கிறது என்று கணக்குச் சொல்லும் பாட்டில்நெக் கால்குலேட்டர் ஒன்று "27 சதவீதம் பிராசசர் பாட்டில்நெக்" என்று சொல்லியிருக்கிறது. "கையில் இருப்பதை எல்லாம் கார்டில் போடலாமா? தப்பாக வாங்கிவிட்டால் அடுத்த ஒரு வருடத்துக்கு என்னால் எதுவும் செய்ய முடியாது" என்று முடித்திருக்கிறார். கேம் ஓடும்போது எடுத்த ரீடிங்குகளையும், டாஸ்க் மேனேஜர், டிஸ்ப்ளே செட்டிங் படங்களையும், பவர் சப்ளை லேபிள் படத்தையும் இணைத்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

பெரும்பாலானவர்கள் "கேம் லேக் ஆகுது, என்ன வாங்கலாம்?" என்று ஒற்றை வரியில் கேட்பார்கள். நீங்கள் ரீடிங்குகளோடு கேட்டிருக்கிறீர்கள். பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள் என்று சொல்லலாம். அந்த எண்களை வைத்தே பேசுவோம்.

உங்கள் கடிதத்தில் ஒரு நோய் இல்லை, இரண்டு இருக்கின்றன. ஓப்பன் வேர்ல்டு கேமில் ஒரே இடத்தில் நிற்கும்போது 45 எஃப்பிஎஸ் (நொடிக்கு 45 படம்), ஜிபியு (கார்டின் முக்கிய சிப்) 98 சதவீதம். அங்கே கார்டுதான் மூச்சு வாங்குகிறது, சந்தேகமில்லை. ஆனால் நீங்கள் புகார் சொல்வது நிற்கும்போது நடப்பதைப் பற்றி இல்லையே. வண்டியை எடுத்துக்கொண்டு ஊருக்குள் வேகமாகப் போகும்போது அரை நொடி படம் உறைகிறது என்கிறீர்கள். அந்த நேரத்து ரீடிங்கைப் பாருங்கள்: ஜிபியு 40 சதவீதத்துக்கு இறங்குகிறது, ராம் 8-இல் 7.6 ஜிபி, ஹார்ட் டிஸ்க் 100 சதவீதம். கார்டு அங்கே சும்மா கை கட்டி நிற்கிறது. தெருவும் கட்டடமும் டிஸ்கிலிருந்து வந்து சேராததால் வரைவதற்கு அதனிடம் எதுவும் இல்லை.

ஷூட்டரில் கதை வேறு. சராசரி 95 எஃப்பிஎஸ், சண்டை சூடு பிடிக்கும்போது 50-க்குச் சரிகிறது, ஜிபியு 60 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. டிஸ்கிலும் அசைவில்லை. இங்கே காத்திருக்க வைப்பது பிராசசரும் அதற்குத் தீனி போடும் ராமும். "பிராசசர் மொத்தம் 55 சதவீதம்தானே காட்டுகிறது, அப்புறம் எப்படி அது காரணம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். டாஸ்க் மேனேஜர் காட்டுவது 12 த்ரெட்களின் (பிராசசர் ஒரே நேரத்தில் ஓட்டும் வேலை வரிசைகள்) சராசரி. கேமின் முக்கியமான வேலை ஒன்றிரண்டு த்ரெட்களில்தான் ஓடும். அவை முட்டி நின்றாலும் மற்றவை வேலையில்லாமல் இருப்பதால் சராசரி பாதியில் நிற்கும். அந்த 55-ஐ நம்பாதீர்கள். ஜிபியு எண்ணை நம்புங்கள்: எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைக்காமல், வி-சிங்கும் (எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் வேகத்தோடு கட்டிப்போடும் செட்டிங்) அணைத்திருக்கும்போது ஜிபியு 95-க்கு மேலே இருந்தால் கார்டு திணறுகிறது, அதற்கு நன்றாகக் கீழே தங்கினால் வேறு யாரோ அதைக் காக்க வைக்கிறார்கள்.

இன்னும் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை. ஷூட்டரில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்குக் குறைத்து அதே மேப்பில் ஓடிப் பாருங்கள். கார்டின் சுமை பாதிக்கும் கீழே போய்விடும். எஃப்பிஎஸ் ஏறினால் கார்டு பிரச்சினை. ஏறாமல் அதே 95-இல் நின்றால், எவ்வளவு விலையுயர்ந்த கார்டை மாட்டினாலும் அந்த கேம் அதே 95-இல்தான் நிற்கும். உங்கள் நண்பரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்யுங்கள்.

அந்த 27 சதவீதக் கணக்கை மறந்துவிடுங்கள். ஒரே கம்ப்யூட்டர் ஒரு கேமில் கார்டாலும், இன்னொன்றில் பிராசசராலும், முதல் கேமிலேயே வேகமாகப் போகும்போது டிஸ்காலும் தடைபடுகிறது என்பதை உங்கள் எண்களே காட்டுகின்றன. எந்த கேம், எந்த செட்டிங், எத்தனை ஹெர்ட்ஸ் என்று கேட்காமல் சதவீதம் சொல்லும் கால்குலேட்டர், நாடி பிடிக்காமலேயே மருந்துச் சீட்டு எழுதுகிறது.

முதலில், பைசா செலவில்லாமல்

உங்கள் படங்களில் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. முதலாவது, டாஸ்க் மேனேஜர் படம். ராம் வேகம் 2400 என்று இருக்கிறது. ஆனால் நீங்கள் எழுதிய மாடல் 3200 வேகத்துக்கானது. அண்ணன் அசெம்பிள் செய்தபோது பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருள்) எக்ஸ்எம்பி-யை, அதாவது ராமை அதன் முழு வேகத்தில் ஓட வைக்கும் செட்டிங்கை, இயக்கவில்லை. இத்தனை வருடமும் அது நொண்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. பயாஸுக்குள் போய் எக்ஸ்எம்பி (சில போர்டுகளில் டிஓசிபி என்ற பெயரில் இருக்கும்) ஆன் செய்யுங்கள். ரைசன் 2600-க்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் உச்சம் 2933 என்பதால் 3200-இல் நிலையாக ஓடாமலும் போகலாம். கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனால் பயப்பட வேண்டாம், 2933-க்கு இறக்கிவிடுங்கள். ரைசனில் ராமின் வேகத்தோடு பிராசசரின் உள் இணைப்பு வேகமும் சேர்ந்தே ஏறும். அதனால் இந்த ஒரு செட்டிங் ஷூட்டரில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உதவும்.

இரண்டாவது, டிஸ்ப்ளே படம். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியிருக்கிறீர்கள். விண்டோஸில் 60 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து நீங்கள் 144-ஐப் பார்த்ததே இல்லை! அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தில் போய் மாற்றுங்கள். பட்டியலில் 144 இல்லாவிட்டால் கேபிளைப் பாருங்கள். பல மானிட்டர்களில் எச்டிஎம்ஐ வழியாக முழு ஹெர்ட்ஸ் வராது. எப்படியும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளுக்கு மாறிவிடுங்கள் என்பேன். மானிட்டரில் ஃப்ரீசிங்க் (எஃப்பிஎஸ்ஸுக்கு ஏற்ப ஹெர்ட்ஸையும் மாற்றும் வசதி) இருந்தால், ஜிடிஎக்ஸ் 10 வரிசைக் கார்டுகளுக்கு என்விடியா 2019 ஜனவரியிலிருந்து அதைத் திறந்துவிட்டது, ஆனால் டிஸ்ப்ளேபோர்ட் வழியாக மட்டும். எஃப்பிஎஸ் 60-க்கும் 95-க்கும் இடையில் ஆடும்போது மானிட்டரும் கூடவே ஆடுவதால், அதே எண் பார்வைக்கு எவ்வளவோ வழுவழுப்பாகத் தெரியும்.

பிறகு தூசி. ஏழு வருட மெஷின், தெர்மல் பேஸ்ட் மாற்றியதாக எழுதவில்லை. கேம் ஓடும்போது பிராசசர் 90 டிகிரியை நெருங்குகிறதா என்று பாருங்கள். 2600-க்கு எல்லை 95. நெருங்கினால் அது வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கும். கூலரைத் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்தால் போதும். இதை எல்லாம் முடித்த பிறகு மறுபடி ரீடிங் எடுங்கள். வாங்குவதற்கான முடிவைப் பழைய ரீடிங்கை வைத்து எடுக்காதீர்கள்.

ராமும் எஸ்எஸ்டியும்: உங்கள் முதல் செலவு

8 ஜிபி போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரே ஸ்டிக் என்பதுதான் அதைவிடப் பெரிய குறை. ஒரு ஸ்டிக் ஒரு சேனலை (ராமுக்கும் பிராசசருக்கும் இடையிலான பாதை) மட்டும் பயன்படுத்தும். 2400 வேகத்தில் ஒரு சேனலில் நொடிக்கு 19.2 ஜிபி. இரண்டு ஸ்டிக், 3200 வேகம் என்றால் 51.2 ஜிபி. இப்போது உங்கள் பிராசசர் பெறுவது அதில் பாதிகூட இல்லை. அந்த ஷூட்டரில் எஃப்பிஎஸ் 50-க்குச் சரிவதில் ஒரு பங்கு இதனால்தான்.

இருக்கும் ஸ்டிக்கின் மாடல் எண்ணைப் பார்த்து அதே மாதிரி இன்னொரு 8 ஜிபி தேடுங்கள். அது கிடைக்காவிட்டால் அதே வேகம், அதே டைமிங் உள்ளதாகப் பாருங்கள். வேறு வேறு சிப்கள் சேரும்போது முழு வேகத்தில் ஓடும் என்று யாரும் உறுதி தர முடியாது. திருப்பித் தரும் வசதி உள்ள இடத்தில் வாங்குங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டு என்றால், மாட்டும்போது பிராசசரிலிருந்து எண்ணினால் 2-ஆவது, 4-ஆவது ஸ்லாட். 1, 2 அல்லது 3, 4 என்று பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டால் இரண்டும் ஒரே சேனலில் விழுந்துவிடும். புதுசு வாங்கியும் வேகம் வரவில்லை என்று மெஷினைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் சிலருக்கு நான் செய்வது, ஸ்டிக்கை ஒரு ஸ்லாட் தள்ளிப் போடுவது மட்டும்தான்.

2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறிப்போய்விட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. ஆகையால் உங்களுக்கு 32 ஜிபி கிட் வேண்டாம், 16 போதும். பழைய டிடிஆர்4 ஸ்டிக்குகள் கைமாறிக் கிடைக்கும். கம்ப்யூட்டர் பாகங்களில் தயக்கமின்றிப் பழையது வாங்கச் சொல்வதாக இருந்தால் நான் ராமைத்தான் முதலில் சொல்வேன். சுழலும் பாகம் எதுவும் இல்லை. கெட்டதாக இருந்தால் ஒரு ராத்திரி மெமரி டெஸ்ட் ஓட்டினால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது ஹார்ட் டிஸ்க். அதன் ஊசி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போய் உட்காரவே ஏறக்குறைய 10 மில்லி செகண்ட் ஆகும். 60 எஃப்பிஎஸ்ஸில் ஒரு பிரேமுக்கு உள்ள மொத்த நேரமே 16.7 மில்லி செகண்ட். நீங்கள் வண்டியில் ஒரு தெருவைக் கடப்பதற்குள் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புத் துண்டுகளை அது தேடி எடுக்க வேண்டும். ராமும் நிறைந்திருப்பதால் ஏற்கெனவே படித்ததைக்கூட விண்டோஸால் வைத்துக்கொள்ள முடியவில்லை, மறுபடி டிஸ்குக்கே ஓடுகிறது. அந்த அரை நொடி உறைதல் இதுதான். ராம், எஸ்எஸ்டி இரண்டும் சேர்ந்துதான் இதைத் தீர்க்கும். தனியாக ஒன்று பாதி வேலைதான் செய்யும்.

1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராக மாட்டும் வேகமான வகை) ஒன்று வாங்குங்கள். உங்கள் போர்டில் அதற்கான எம்.2 ஸ்லாட் இருக்கிறது, பிசிஐ-இ 3.0 (பாகங்களைப் போர்டோடு இணைக்கும் வழி) வேகம், நொடிக்குச் சுமார் 3500 எம்பி வரை. அதனால் 7000 எம்பி என்று பெட்டியில் போட்டிருப்பதற்குக் கூடுதல் காசு தர வேண்டாம், உங்கள் போர்டில் அது வராது. போர்டின் மேனுவலையும் ஒருமுறை புரட்டுங்கள்: சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட் அணைந்துவிடும். அது தெரியாமல் "ஹார்ட் டிஸ்க் காணோம்" என்று பதறுவார்கள். கேம்களை மறுபடி டவுன்லோடு செய்ய வேண்டியதில்லை. ஸ்டீமில் இன்ஸ்டால் செய்த கேமை வேறு டிரைவுக்கு நகர்த்தும் வசதி இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் படங்களுக்கும் பேக்கப்புக்கும் கிடக்கட்டும்.

அடுத்து பிராசசர், கார்டு இல்லை

இங்கேதான் உங்கள் நண்பரோடு நான் மாறுபடுகிறேன். மேலே சொன்னதை எல்லாம் செய்த பிறகும் ஷூட்டரில் ஜிபியு 80-க்குக் கீழேயே இருந்தால் (இருக்கும் என்றே நினைக்கிறேன்), அடுத்த செலவு பிராசசருக்கு. தினமும் விளையாடுவது அந்த கேம்தானே. அங்கே ஏற்கெனவே சும்மா இருக்கும் கார்டுக்குப் பதில் அதைவிடப் பெரிய கார்டைக் கொண்டுவந்தால், அது இன்னும் அதிகமாகச் சும்மா இருக்கும்.

"பிராசசர் மாற்றினால் போர்டும் மாற்ற வேண்டுமே" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். உங்கள் பி450 போர்டு ஏஎம்4 சாக்கெட். 2018-இல் வந்த 2600 உட்காரும் அதே இடத்தில், பயாஸை அப்டேட் செய்தால், 2022-இல் வந்த ரைசன் 5 5600 உட்காரும். மின்சாரத் தேவையும் அதே 65 வாட் வகை. இருவருக்கும் ஆறு கோர்தான். ஆனால் 2600-இல் 16 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான நினைவகம்) இரண்டு 8 எம்பி துண்டுகளாகப் பிரிந்து, மூன்று கோருக்கு ஒன்று என்று இருக்கும். ஒரு பக்கத்துக் கோர் மறுபக்கத்தில் உள்ளதைக் கேட்டால் சுற்றிப் போக வேண்டும். 5600-இல் 32 எம்பி ஒரே துண்டு, ஆறு கோரும் நேராகத் தொடும். கேம்களுக்கு இதுதான் பெரிய லாபம். 5700எக்ஸ் கிடைத்தாலும் சரி. எக்ஸ்3டி என்று முடியும் மாடல்கள் கேமுக்கு அருமையானவை. ஆனால் அவற்றின் விலைக்கு நீங்கள் கார்டுக் காசைக் கரைக்க வேண்டியிருக்கும், உங்களுக்கு வேண்டாம். 5500 என்பதில் மட்டும் ஏமாறாதீர்கள். பெயர் பக்கத்தில் இருந்தாலும் கேஷ் 16 எம்பிதான்.

அண்ணன் சொன்ன புது செட்டைப் பற்றி இரண்டு வரி. புது ஏஎம்5 சாக்கெட்டில் டிடிஆர்5 மட்டும்தான் போகும். போர்டு, பிராசசர், ராம் மூன்றும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டும், அதுவும் ராம் விலை உச்சத்தில் இருக்கும்போது. அவ்வளவு கொடுத்த பிறகு உங்கள் கையில் இருப்பது அதே 1060.

பயாஸ் அப்டேட்டைப் பழைய பிராசசர் மாட்டியிருக்கும்போதே செய்துவிட வேண்டும். போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலின், ரிவிஷன் எண்ணும் பொருந்துகிற கோப்பை எடுங்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டு செத்துவிடும் அபாயம் உண்டு. யுபிஎஸ் இருந்தால் நல்லது. சில போர்டுகளில் புதுப் பயாஸ் ஏறினால் மிகப் பழைய பிராசசர்களின் ஆதரவு போய்விடும், திரும்பி வரவும் முடியாது. குறிப்புகளைப் படித்துவிட்டு அழுத்துங்கள். விண்டோஸில் பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கும் வசதி) இயங்குகிறதா என்று பார்த்து ரெகவரி கீயை வேறிடத்தில் எழுதி வையுங்கள். பயாஸும் பிராசசரும் மாறும்போது அது கீ கேட்கும். கையில் இல்லாவிட்டால் டிரைவில் உள்ளது போனது போனதுதான்.

கூலரைக் கழற்றும் கட்டம் தனியாகச் சொல்ல வேண்டியது. ஏஎம்4-இல் பின்கள் பிராசசரின் அடியில் இருக்கும். ஏழு வருடப் பேஸ்ட் காய்ந்து கூலரையும் பிராசசரையும் ஒட்டிப் போட்டிருக்கும். நேராக மேலே இழுத்தால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே பிராசசர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். எனவே கழற்றும் முன் கால் மணி நேரம் ஏதாவது கேம் ஓட்டிச் சூடாக்குங்கள். அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, திருகுகளைத் தளர்த்திய பிறகு கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுங்கள். ஒட்டு விட்டது கையில் தெரியும். அப்புறம் தூக்குங்கள்.

கார்டு வாங்கும்போது பவர் சப்ளையும் சேர்த்து

கார்டே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 1060 வந்தது 2016-இல். அதன் தலைமுறைக்கான கடைசி கேம் ரெடி டிரைவரை (புது கேம்களுக்கு ஏற்ப வரும் மென்பொருள்) என்விடியா 2025 அக்டோபரோடு முடித்துக்கொண்டது. இனி 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும். நீங்கள் ஆசைப்படும் டூம், ரே டிரேசிங் (ஒளி போகும் பாதையைக் கணக்கிட்டு வரைவது) வன்பொருள் இல்லாமல் தொடங்கவே தொடங்காது. 1060-இல் அது கிடையாது. (அதற்குக் குறைந்தபட்சம் 16 ஜிபி ராமும் வேண்டும், இப்போதே கார்டு வாங்கியிருந்தால் அங்கேயும் மாட்டியிருப்பீர்கள்.) நான் சொல்லும் வரிசையில் போனால் டூம் சில மாதம் தள்ளிப் போகும். அது உண்மையான இழப்புதான், மறைக்கவில்லை. அது உங்களுக்குத் தினசரி ஷூட்டரைவிட முக்கியம் என்றால், ராம், எஸ்எஸ்டி வாங்கிய கையோடு பிராசசரைத் தாண்டிக் கார்டுக்குப் போகலாம். அது உங்கள் விருப்பம், தப்பில்லை.

ஆனால் எப்போது வாங்கினாலும் இப்போதைய பவர் சப்ளையில் மாட்டாதீர்கள். நீங்கள் அனுப்பிய லேபிளை உற்றுப் பாருங்கள். பெரிய எழுத்தில் 500. கீழே கட்டத்துக்குள் 12 வோல்ட் என்ற இடத்தில் 24 ஆம்பியர். பெருக்கினால் 288 வாட். பிராசசரும் கார்டும் சாப்பிடுவது இந்த 12 வோல்ட்டைத்தான். மிச்சமுள்ள 200 சொச்சம், இன்றைய கம்ப்யூட்டர் அதிகம் தொடாத 3.3, 5 வோல்ட் வரிசைகளில் கணக்குக் காட்டுவதற்காக எழுதியது. 120 வாட் 1060-க்கு இது தாக்குப்பிடிக்கிறது. 160, 180 வாட் கார்டு கண நேரத்துக்கு அதைவிட அதிகமாக இழுக்கும்போது மெஷின் பட்டென்று அணையும். அதுகூடப் பரவாயில்லை, பாதுகாப்புச் சுற்று சரியில்லாத பவர் சப்ளை போகும்போது கூடவே போர்டையும் கார்டையும் அழைத்துக்கொண்டு போகலாம். இப்போதே கேமின் நடுவில் தானாக அணைகிறது என்றால் வரிசையை எல்லாம் விட்டுவிட்டு நாளைக்கே இதை மாற்றுங்கள்.

நல்ல பெயருள்ள கம்பெனியின் 550 முதல் 650 வாட் போதும், 12 வோல்ட்டில் ஏறக்குறைய முழு வாட்டும் தருவதாக. 80 பிளஸ் என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைச் சொல்கிறதே தவிர, தரத்துக்கான சான்று ஆகாது. கேபிள்கள் கழற்றி மாட்டும் வகையாக இருந்தால், அதனோடு வந்த கேபிள்களை மட்டும் போடுங்கள். வேறு பவர் சப்ளையின் கேபிள் அதே மாதிரி பொருந்தும், உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கும், எஸ்எஸ்டி புகையும். பவர் சப்ளையை மட்டும் ஒருபோதும் திறந்து பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும்.

கார்டு தேர்வில் உங்கள் போர்டுக்கென்று சில கவனங்கள் உண்டு. புது கார்டு 3.0 ஸ்லாட்டில் வேலை செய்யாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள், செய்யும். ஆனால் ஆர்டிஎக்ஸ் 4060, 5060, ரேடியான் 7600 போன்றவை 16 லேனுக்கு (தரவு போகும் தடம்) பதில் 8 லேன்தான் பயன்படுத்தும். பிசிஐ-இ 3.0-இல் அந்த வழி பாதியாகிவிடுகிறது. கார்டின் 8 ஜிபி மெமரி நிரம்பாதவரை பெரிய வித்தியாசம் தெரியாது. நிரம்பி வழிந்து ராமிலிருந்து இழுக்கத் தொடங்கினால் அந்தக் குறுகிய வழியில் மறுபடி திக்கல். அதனால் உங்களுக்கு 12 அல்லது 16 ஜிபி கார்டாகப் பார்ப்பது நல்லது. ரேடியான் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி மாடல் முழு 16 லேனும் பயன்படுத்தும், 160 வாட். இன்டெல் ஆர்க் பி580 12 ஜிபி விலைக்கு ஆசையாகத் தெரியும். 2600 இருக்கும்வரை அதன் பக்கம் போகாதீர்கள். அதன் டிரைவர் பிராசசரிடம் நிறைய வேலை வாங்கும், இன்டெல்லே ரைசன் 3000 வரிசையிலிருந்துதான் பரிந்துரைக்கிறது. கார்டில் 16 ஜிபி இருந்தால் ராம் குறைவை ஈடுகட்டும் என்ற எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். இரண்டும் வேறு வேறு கணக்கு.

பழைய கார்டு வாங்குவதாக இருந்தால் ராமுக்குச் சொன்ன தைரியத்தை இங்கே சொல்ல மாட்டேன். கண் முன்னால் அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். திரையில் புள்ளிகள், கோடுகள், ஃபேன் கரகரப்பு, இடையில் அணைவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நடையைக் கட்டுங்கள். உத்தரவாதம் மிச்சமிருக்கிறது என்று சொன்னால், அது சீரியல் எண்ணுக்கா, முதலில் வாங்கியவருக்கு மட்டுமா என்று கம்பெனியிடமே கேளுங்கள். பில் இல்லாமல் பல கம்பெனிகள் தொடாது. ஸ்டிக்கரைக் கிழித்திருக்கிறார்களா, திருகு தேய்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கேபினட்டின் உள்ளே முன் ஃபேனிலிருந்து பின்பக்கம் வரை கார்டுக்கு எவ்வளவு நீளம் இருக்கிறது என்று ஸ்கேல் வைத்து அளந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

1060-ஐ உடனே விற்றுவிடாதீர்கள். 2600-இலும் சரி, 5600-இலும் சரி, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. புது கார்டு முதல் வாரத்தில் கோளாறாகித் திருப்பி அனுப்பினால், கார்டு இல்லாமல் உங்கள் மானிட்டரில் ஒன்றும் வராது, கல்லூரி வேலையும் நின்றுவிடும். புதியதைத் திருப்பித் தரும் காலக்கெடு முடியும்வரை பழையது அலமாரியில் இருக்கட்டும். பெட்டி இருந்தால் அதற்குள், இல்லாவிட்டால் எஸ்எஸ்டியோ ராமோ வந்த ஆன்டி-ஸ்டாட்டிக் உறையை வெட்டியாவது அதன் மேல் சுற்றி வையுங்கள்.